திங்கட்கிழமை வழக்கு

செபம் சொல்லத் தெரியாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. வேலிச் சண்டை பிடிக்காத வீடும் அதிகம் இல்லை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வருடக்கணக்காகக் குடியிருக்கின்றன. ஒன்றை மற்றது தொந்தரவு செய்வதில்லை. எழுபதைத் தாண்டிய கிழவன் நான். படிப்பித்த காலத்தில் சமயபாடமும் எடுத்தவன் என்பதால், ஆதிக் கிறிஸ்தவர்கள் எப்படிச் செபித்தார்கள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்து வைத்திருக்கிறேன். அதில் ஒரு விஷயம் எங்கள் ஊருக்கு இப்போது தேவையென்று படுகிறது. அதைச் சொல்வதற்கு முதல் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

கனடாவிலிருந்து என் பெறாமகன் வந்திருந்தான். அங்கே ஏதோ ஒரு புதுச் சபைக்குப் போகிறான். பொழுதுபட வீட்டில் விளக்கு ஏற்றியபோது முகத்தைச் சுளித்தான். "பெரியப்பா, இதெல்லாம் அஞ்ஞானம். ஆதிக் கிறிஸ்தவர்கள் வேற ஆக்களிட ஒரு பழக்கத்தையும் கலக்காமல் சுத்தமாச் செபிச்சவை" என்றான். பெடியன் நல்லவன், சொல்லிக்கொடுத்தவர்கள்தான் வரலாறு வாசிக்காதவர்கள்.

கலக்காமல் செபித்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்ததே இல்லை. இயேசுவும் சீடர்களும் யூதர்கள். காலையும் மாலையும் ஆண்டவர் ஒருவரே என்று அறிக்கையிட்டுச் செபிக்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள். தானியேல் எருசலேமை நோக்கிய சன்னலைத் திறந்து வைத்து நாளுக்கு மூன்று தரம் முழங்காலிட்டார் என்று பழைய ஏற்பாடு சொல்லுகிறது. பேதுருவும் யோவானும் பிற்பகல் மூன்று மணிச் செபத்துக்கு யூத ஆலயத்துக்குத்தான் ஏறிப் போனார்கள். இயேசு கற்பித்த பரலோக மந்திரமே யூதருடைய கதீஷ் என்ற வேண்டுதலுக்கு உறவு: அதுவும் இறைவனின் பெயர் தூயதெனப் போற்றப்பட வேண்டும், அவருடைய அரசு விரைவில் வரவேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆமென், அல்லேலூயா, ஓசன்னா எல்லாம் எபிரேயர் வீட்டுச் சாமான். நாங்கள் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

'திதாக்கே' என்று ஒரு சின்ன நூல் இருக்கிறது. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்பது அதன் முழுப் பெயர். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது என்பார்கள். பல நூற்றாண்டுகள் காணாமற் கிடந்த அதை 1873இல் கொன்ஸ்தாந்திநோபிளில் ஒரு பழைய ஏட்டுக்கட்டுக்குள் பிரயென்னியோஸ் என்ற கிரேக்க ஆயர் கண்டெடுத்து, 1883இல் அச்சிட்டார். பரலோக மந்திரத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லச் சொல்லுகிறது அது. மூன்று வேளை என்பது யூதரிடமிருந்து வந்த கணக்கு. எங்கள் அம்மம்மா காலத்தில் திரிகால மணி அடித்தால் சந்தைக்குப் போகிறவரும் நடுவீதியில் நின்று செபம் சொல்லுவார். மூன்று வேளை என்ற அந்தப் பழக்கத்தின் தூரத்து உறவுதான் அது. இதே நூல் நோன்பைப் பற்றிச் சொல்வதை வாசித்தால் சிரிப்பு வரும். மற்றவர்கள் திங்களும் வியாழனும் நோன்பிருக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது. நோன்பு ஒன்றுதான், கிழமை மட்டும் வேறு. அயலவருக்குள் இப்படித்தான். எங்கள் ஒழுங்கையில் சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறி. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை, ஆனால் மீன் உண்டு. இதை வைத்து எங்களைப் பகிடி பண்ணாத சைவப் பிள்ளை ஒன்றையும் என் வகுப்பில் நான் கண்டதில்லை.

கிழக்கு நோக்கிச் செபிப்பதும் அப்படித்தான். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற அலெக்சாந்திரிய அறிஞர் செபத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வீட்டின் வாசல் வேறு திசையில் நல்ல காட்சியோடு திறந்திருக்கலாம், கிழக்கில் வெறுஞ் சுவர் இருக்கலாம். அப்படியென்றாலும் சுவரைப் பார்த்து நின்று கிழக்கு நோக்கியே செபி என்கிறார். எங்கள் உப்புவெளிக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. எங்களுக்குக் கிழக்கும் காட்சியும் ஒரே பக்கம். அதை நம்பித்தான் கரையோரம் முழுக்க விடுதிகள் எழும்பியிருக்கின்றன. ஆனால் அன்றைக்குக் கிழக்கே திரும்பிய கிறிஸ்தவர்களை ரோமர்கள் சூரியனைக் கும்பிடுகிறவர்கள் என்று நினைத்தார்கள். கார்த்தேஜ் நகரத்து தெர்த்தூலியன் 197 அளவில் எழுதிய தற்காப்பு நூலில் இந்தக் குற்றச்சாட்டுக்கும் பதில் எழுத வேண்டியிருந்தது. எங்கள் கரையில் விடியற்காலையில் கிழக்கே பார்த்துக் கை கூப்பி நிற்பவர் சூரியனைக் கும்பிடும் சைவரா, கிறிஸ்துவின் வருகையை நினைக்கும் கிறிஸ்தவரா என்று தூரத்தில் நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது. வலை வளைக்கிற சம்மாட்டிக்கும் அது அக்கறையில்லை.

விளக்கு விஷயத்துக்கு வருகிறேன், பெறாமகன் சுளித்தது அதற்குத்தானே. பொழுதுபட விளக்கு வந்ததும் அதை வாழ்த்துவது கிரேக்க வீடுகளில் இருந்த வழக்கம். கிறிஸ்தவர்கள் அந்த நேரத்தை விட்டுவிடவில்லை. விளக்கு ஏற்றும் வேளைக்கென்று கிறிஸ்துவை ஒளியாகப் பாடும் ஒரு கீதம் கிரேக்கத்தில் உண்டு. கீழைத் திருச்சபைகளில் இன்றைக்கும் மாலைச் செபத்தில் பாடுகிறார்கள். நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பசிலியார் அதைப் பற்றி எழுதும்போதே, யார் இயற்றியது என்று தெரியாத அளவுக்குப் பழையது என்கிறார். 381க்கும் 384க்கும் இடையில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண் தன் குறிப்பில், மாலையில் ஆண்டவருடைய கல்லறைக் குகைக்குள் அணையாமல் எரியும் விளக்கிலிருந்து நெருப்பு எடுத்துக் கோயில் விளக்குகளையெல்லாம் ஏற்றுவதையும், தியாக்கோன் பெயர்களை வாசிக்க வாசிக்கச் சிறுபிள்ளைகள் இரக்கம் கேட்டுக் குரல் கொடுப்பதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த இரக்க வேண்டுதலும்கூட, கிரேக்கத்தில், புறச் சமயத்தார் சகுனம் பார்க்கும்போது தெய்வத்திடம் சொன்ன சொற்கள்தான். எபிக்தேத்தஸ் என்ற தத்துவஞானி அதைக் குறித்திருக்கிறார்.

அது மட்டுமில்லை. சிரியாவில் யூப்பிரத்தீஸ் கரையில் தூரா எவுரோப்போஸ் என்ற எல்லைப் பட்டணம் இருந்தது. 256 அளவில் முற்றுகைக்குள் மாட்டி அழிந்து மண் மூடிப்போனது. 1930களில் தோண்டிப் பார்த்தபோது மேற்கு மதிலை ஒட்டிய ஒரே தெருவில் கிறிஸ்தவர் கூடிய வீடு, யூதர் செபக்கூடம், போர்வீரர்கள் வணங்கிய மித்ரா கோயில் மூன்றும் வெளிப்பட்டன. இருக்கிறவற்றுள் மிகப் பழைய கிறிஸ்தவக் கோயில் அந்த வீடுதான். திருகோணமலையில் பத்திரகாளி கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் ஒரு சைக்கிள் ஓட்டத்துக்குள் இருப்பதை ஏதோ எங்களுக்கு மட்டும் வந்த அதிசயம் என்று மேடைகளில் பேசுகிறோம். அன்றைய உலகமும் அப்படித்தான் நெருக்கியடித்து வாழ்ந்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பெறாமகன் கேட்டான்: "அப்ப பெரியப்பா, எது எங்கட சொந்தம்?"

சரியான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமென்றால் கிறிஸ்தவரைச் சுற்றியிருந்த மற்றவர்கள் எதைக் கேட்டுச் செபித்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

ரோமருடைய பொதுச் செபத்தில் சொல் பிசகக் கூடாது. மூத்த பிளினி என்ற அறிஞர் எழுதுகிறார்: அதிகாரி செபம் சொல்லும்போது ஒருவர் ஏட்டிலிருந்து வார்த்தை வார்த்தையாக எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் பிழை வராமல் பார்த்து நிற்பார், வேறொருவர் கூட்டத்தை அமைதியாக்குவார், வேறு சத்தம் காதில் விழாமலிருக்கக் குழல்காரர் ஊதிக்கொண்டே இருப்பார். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எதற்கு முழங்குகிறது என்று தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்தத் தெய்வம் என்று தெரியாவிட்டால், ஆணோ பெண்ணோ எதுவாக இருந்தாலும் என்று ஒரு காப்பு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் எழுதுகிற கவனம் அது. அதைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. தெய்வத்தின் முன் வாய்க்கு வந்ததைச் சொல்லக்கூடாது என்ற பயம் நல்ல பயம். ஆனால் அந்த உலகத்தின் நடுவில் நின்றுதான் இயேசு, வார்த்தைகளை அடுக்கினால் கேட்கப்படும் என்று நினைக்காதீர்கள் என்று சொல்லி, ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய செபத்தைக் கொடுத்தார். தெர்த்தூலியன் ஒரு படி மேலே போய், உரத்துச் செபிப்பவர்கள் அயலவருக்குத் தொல்லை கொடுப்பதைத் தவிர வேறென்ன சாதிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். ஆயிரத்து எண்ணூறு வருடமாகிறது. ஒலிபெருக்கி கட்டுகிற எல்லாச் சமயத்தாருக்கும், எங்கள் பங்குத் திருவிழாக் குழு உட்பட, இதை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம்.

இனி, வெளிச்சத்தில் சொல்லாத செபங்கள். மெல்லிய குரலில் முணுமுணுப்பவனைப் பழைய உலகம் சந்தேகித்தது. நல்ல விஷயமென்றால் உரக்கக் கேட்பானே என்று. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு, எங்கள் கன்னியாவைப் போல. ரோமர் காலத்தில் அங்கே சூலிஸ் மினெர்வா என்ற தேவியின் கோயில் இருந்தது. 1979, 80இல் ஊற்றுக்குள் தோண்டியபோது, சுருட்டி எறியப்பட்ட ஈயத் தகடுகள் கிடைத்தன. எல்லாமாக 130 அளவில். ஒவ்வொன்றிலும் ஒரு வேண்டுதல். என் மேலங்கியைக் களவெடுத்தவன், என் சட்டியைத் தூக்கிப் போனவன், ஆணானாலும் பெண்ணானாலும் அடிமையானாலும் சுதந்திரனானாலும் அவன் நித்திரை கெடட்டும், உடம்பு அழியட்டும், பொருளைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும்வரை விடாதே தாயே என்ற பாணியில். நாலாம் நூற்றாண்டுத் தகடு ஒன்றில், பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக்காசு போன ஒருவர், எடுத்தவன் புறச் சமயத்தானோ கிறிஸ்தவனோ யாராக இருந்தாலும் என்று எழுதியிருக்கிறார். அந்த நாட்டில் கிறிஸ்தவர் என்ற சொல் எழுத்தில் தென்படும் மிகப் பழைய இடங்களில் இதுவும் ஒன்று. களவெடுத்திருக்கக்கூடியவர் பட்டியலில்!

இதை வாசித்தபோது எனக்கு அந்நியமாக இருக்கவில்லை. இந்த நாட்டில் தேங்காய் உடைத்துச் சாபம் போடாத மாவட்டம் எது? முன்னேஸ்வரத்துக் காளியம்மனிடம் தமிழரும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று அதைச் செய்கிறார்கள். மண் அள்ளித் தூற்றுவது வேறு. நாங்கள் கத்தோலிக்கர் ஒன்றும் மேல் இல்லை. தொலைந்த பொருளைக் காட்டித்தரும்படி பதுவை அந்தோனியாரிடம் கேட்பதில் தொடங்கி, எடுத்தவனுக்கு ஒரு பாடம் படிப்பியும் என்று முடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். எகிப்தில் பழைய கிறிஸ்தவர்கள் கொப்திக் மொழியில் எழுதிய சாபச் சீட்டுகள் பல கிடைத்திருக்கின்றன. கிறிஸ்துவையும் அதிதூதர்களையும் அழைத்து எதிரியை முடித்துவிடச் சொல்லும் சீட்டுகள். வேதாகமத்துக்குள்ளேயே 109ஆம் சங்கீதம் இருக்கிறது. எதிரியின் பிள்ளைகள் பிச்சையெடுக்க வேண்டும் என்று கேட்கிற அளவுக்குப் போகிறது. குருமார் நாள்தோறும் சொல்லும் திருப்புகழ்மாலையை 1971இல் புதுப்பித்தபோது, இப்படியான மூன்று சங்கீதங்களை ரோமாபுரி எடுத்துவிட்டது. எடுத்தது சரியா என்று இன்னும் வாதாடுகிறார்கள். அநியாயம் செய்யப்பட்டவன் கடவுளிடம் கத்தாமல் வேறு யாரிடம் கத்துவான் என்று கேட்பவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நீதிமன்றத்தில் வழக்கு இருபது வருடம் இழுக்கிற நாட்டில் தேங்காய் உடைப்பவரை நான் ஏளனம் செய்யமாட்டேன்.

ஆனால் ஆதித் திருச்சபை இந்த இடத்தில்தான் ஒரு காரியம் செய்தது. நோன்பை, திசையை, விளக்கை, ஆமெனை எல்லாம் அயலிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள், வாசலில் ஒரு கேள்வியை வைத்தார்கள். யாரோடாவது கோபமா? அப்படியென்றால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு வா.

மலைப் பிரசங்கத்தில் இது இருக்கிறது. பீடத்தில் வைத்த காணிக்கையை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லுகிறது. எல்லாருக்கும் மனப்பாடம். மனப்பாடமானதாலேயே காதில் விழுவதில்லை. திதாக்கே இதைச் சட்டமாக்கியது. தோழனோடு பிணக்குள்ளவன் சமாதானமாகும்வரை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேரக்கூடாது. 155 அளவில் ரோமில் எழுதிய யுஸ்தீன், செபங்கள் முடிந்ததும் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துகிறோம், அதன் பிறகுதான் அப்பமும் இரசமும் கொண்டுவரப்படும் என்கிறார். தெர்த்தூலியனுக்கு அந்தச் சமாதான முத்தம் செபத்தின் முத்திரை. நோன்பு என்று சாட்டுச் சொல்லி முத்தத்தைத் தவிர்ப்பவர்களை அவர் கண்டித்தார். செபத்துக்கு முதல் பயபக்தியாகக் கை கழுவுகிறவர்களைப் பார்த்து, உள்ளம் அழுக்காக இருக்கக் கை சுத்தமாக இருந்து என்ன என்றும் கேட்டார். இன்றைக்குப் பூசையில் சமாதானம் சொல்லும்போது நாங்கள் கை கூப்பித் தலை குனிகிறோம். பிணக்குக்காரர் வலப்பக்கம் நின்றால் இடப்பக்கம் திரும்பிக் குனிகிறோம். ஐம்பது வருடமாகப் பின்வாங்கில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட 'திதஸ்காலியா' என்ற திருச்சபை ஒழுங்குநூல்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. அது மூலத்தில் கிரேக்கம். முழுமையாகத் தப்பி வந்தது சிரிய மொழியில். விசுவாசிகளுக்குள் வழக்கு வந்தால் ஆயர் தீர்த்துவைக்க வேண்டும், குருமாரும் தியாக்கோன்மாரும் கூட இருக்க வேண்டும், இரண்டு பக்கத்தாரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்க வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்கிறது. அந்த வழக்கை எந்தக் கிழமை எடுப்பது? திங்கட்கிழமை. காரணமும் சொல்லுகிறது. தீர்ப்பை ஒருவர் ஏற்காமல் எதிர்வாதம் செய்தாலும், அடுத்த ஞாயிற்றுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள நாள் மிச்சம் இருக்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் செபத்துக்கு எழுந்து நிற்கும்போது, தியாக்கோன் உரத்த குரலில் கேட்பார், யாருக்காவது யார்மீதாவது மனத்தாங்கல் உண்டா என்று.

இந்த ஒழுங்கில் இருக்கிற மனித அறிவை யோசித்துப் பாருங்கள். மன்னித்துவிடு என்று புத்தி சொல்லிவிட்டுப் போகவில்லை. நாள் குறித்தார்கள். ஆள் வைத்தார்கள். இரண்டு பேரையும் இருத்திக் கேட்டார்கள். கோபம் ஒரே நாளில் போகாது என்று தெரிந்து ஆறு நாள் தவணை கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் மன்னிப்பை மனசுக்குள் நடக்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மனசால மன்னிச்சிட்டன் மாஸ்டர், ஆனால் அந்த வளவுக்குள்ள கால் வைக்கமாட்டன் என்கிறார்கள். கால் வைக்காத மன்னிப்பு என்ன மன்னிப்பு?

இந்தச் சிரிய மரபு எங்கள் தீவுக்கும் வந்திருக்கிறது. 550 அளவில் எழுதிய கொஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரியர், இலங்கையில் வந்து தங்கிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயிலும், பாரசீகத்தில் நியமிக்கப்பட்டு வந்த குருவும், தியாக்கோனும், வழிபாட்டு ஒழுங்கு முழுவதும் இருந்தன என்கிறார். 1912இல் அனுராதபுர அகழ்வில், கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று வெளிப்பட்டது; அதைப் பாரசீகச் சிலுவை என்றே பலர் கொள்கிறார்கள். போர்த்துக்கேயர் கப்பல் தெரிவதற்கு ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முதல், இந்த மண்ணில் கிழக்கு நோக்கி நின்று சிரிய மொழியில் பரலோக மந்திரம் சொன்னவர்கள் இருந்தார்கள்.

அந்தப் பாரசீகத் திருச்சபையின் பழைய ஆசிரியர் அஃப்ராத். 337 அளவில் செபத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். செபத்தைப் பற்றி மட்டும் எழுதப்பட்டவற்றில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. காணிக்கைகளை மேலே கொண்டுபோகிறவர் கபிரியேல் தூதர். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தான் மன்னிக்காமல் நிற்பவனுடைய காணிக்கையை அவர் தரையிலிருந்து தூக்கமாட்டார் என்கிறார். இன்னொன்றும் சொல்லுகிறார். வெயிலில் நெடுந்தூரம் நடந்து, தாகத்தால் விழப்போகிற நிலையில், ஒரு சகோதரனிடம் வந்து தண்ணீர் கேட்கிறாய் என்று வை. அவன், செப நேரமாயிற்று, செபித்துவிட்டு வருகிறேன் என்று போகிறான். அவன் வருவதற்குள் நீ செத்துப்போனால்? களைத்தவனுக்கு இளைப்பாறுதல் கொடுப்பதே செபம் என்பது அஃப்ராத்தின் கட்சி. பங்குனி வெயிலில் நிலாவெளி வீதியில் நடந்தவருக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை.

இனி எங்கள் ஊர்க் கதை ஒன்று. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது ஆட்களோடு வேலிகளையும் கொண்டுபோனது. செத்தவர்களை அடக்கி, முகாமிலிருந்து திரும்பி, கதியால் நட வெளிக்கிட்டபோது தொடங்கியது பிரச்சினை. பழைய வேலி எங்கே நின்றது? என் ஒழுங்கையில் இரண்டு வளவுக்காரர். ஒன்று எங்கள் பங்குக் குடும்பம், மற்றது சைவக் குடும்பம். கடல் வந்த நேரம் ஒருவர் பிள்ளையை மற்றவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். மூன்று முழ நிலத்துக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். இந்தப் பக்கத்து மனுசி ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும், அவளே சொன்னாள். அந்தப் பக்கத்து மனுசி தேங்காய் உடைத்துவிட்டு வந்ததையும் ஒளிக்கவில்லை. இரண்டு பேரும் நல்ல பக்திமான்கள். விரதமும் ஒறுத்தலும் தவறமாட்டார்கள்.

கடைசியில் தீர்த்துவைத்தவர் சாமியாரும் இல்லை, குருக்களும் இல்லை, ஒரு கரைவலைச் சம்மாட்டியார். பாடு என்கிற வலை வளைக்கும் இடங்களுக்கான சண்டைகளைத் தீர்த்துப் பழகிய மனிதர். கடற்கரையில் எந்த வலை எந்தப் பாட்டில் எந்த முறையில் வளைப்பது என்ற வழக்கில் ஒரு நாள் தாமதித்தால் இரண்டு பக்கத்துக்கும் மீன் போய்விடும். அதனால் அவர்களுக்கு ஆறப்போடத் தெரியாது. இரண்டு வீட்டு உறுதிகளையும் கொண்டுவரச் சொன்னார். கடல் கொண்டுபோகாத பங்குக் கிணறு நடுவில் நின்றது. உறுதியில் கிணறு இருந்தது. கிணற்றிலிருந்து அளந்தார். இரண்டு பக்கத்தாரையும் கயிற்றின் ஒவ்வொரு நுனியைப் பிடிக்கச் செய்தார். பகலுக்குள் கதியால் இறங்கிவிட்டது. அவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று முடித்தால் நன்றாக இருக்கும்; அப்படி நடக்கவில்லை. பேச்சு வார்த்தை இன்றும் மட்டுமட்டுத்தான். ஆனால் அன்றைய நாளுக்குப் பிறகு மெழுகுதிரியும் தேங்காயும் நின்றுவிட்டன. போன வருடம் அந்த வீட்டு மாமி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த வீட்டிலிருந்து கஞ்சி போனது. கொண்டுபோனது மகள், மனுசி போகவில்லை. அதுவும் கணக்குத்தான்.

பெரிய சண்டைகளைப் பற்றி நான் அதிகம் பேசமாட்டேன். போர்க்காலத்தில் பூசையில் அனைவருக்காகவும் மன்றாடும்போது, அந்த அனைவருக்குள் யார் யாரைச் சேர்ப்பது என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்ட ஊர் இது. ரோமிலிருந்து கிளெமெந்து 96 அளவில் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தின் முடிவில் நீண்ட செபம் ஒன்று வருகிறது. தங்களைத் துன்புறுத்திய அரசின் ஆளுநர்களுக்கு நலமும் சமாதானமும் நல்ல புத்தியும் கேட்கிறது. அந்தச் செபத்தை எங்கள் ஆட்கள் ஒரு பக்கச்சார்பும் இல்லாமல் சொல்லி முடிக்க இன்னும் காலம் எடுக்கும். என்னாலும் முழுதாகச் சொல்ல முடியும் என்று சத்தியம் பண்ணமாட்டேன். வேலிச் சண்டையில் தொடங்குவது நடக்கக்கூடியது.

ஆகவே என்னிடம் கேட்கிற இளம் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். விளக்கை ஏற்றுங்கள், பாவமில்லை. கிழக்கே பாருங்கள், பார்க்காவிட்டாலும் குறையில்லை. செபத்தைக் கட்டையாக வையுங்கள், பிள்ளைகள் தூங்கி விழுவதற்கு முதல் முடியுங்கள். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், மூன்று வேளை முடியாவிட்டால் ஒரு வேளை. ஒலிபெருக்கி வேண்டாம். செபமாலையைக் கையில் எடுப்பதற்கு முதல், பிள்ளைகள் கேட்க, இன்றைக்கு இந்த வீட்டில் யாருக்கு யார்மீது கோபம் என்று வீட்டுக்காரர் ஒருவர் கேட்கட்டும். முதல் கிழமை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு சின்னவன் திறப்பான். அவனுக்கு அடித்த அண்ணாவைப் பற்றி. அதை அங்கேயே தீருங்கள். மாமி மருமகள் வழக்கு வர நாள் செல்லும். அயல் வளவு வழக்கு அதற்கும் பிறகு வரும்.

பங்குச் சபைக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கும் கொடியேற்றத்துக்கும் கூட்டம் கூடுகிறீர்கள். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை, கோயில் மண்டபத்தில் மேசை ஒன்றைப் போட்டு, சுவாமியும் மூப்பரும் இரண்டு நல்ல பெண்களும் இருந்து, பிணக்குள்ளவர்கள் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து வந்தால் கேட்போம் என்று அறிவியுங்கள். சைவ, முஸ்லிம் அயலவரோடு உள்ள பிணக்கென்றால் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளலாம். காசு செலவில்லை. தேத்தண்ணிச் செலவை நான் தருகிறேன்.

இதை நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வாசித்துக்கொண்டிருந்தால், நாளைக்குத் திங்கள். யாருடைய படலையைத் தட்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், போய்த் தட்டுங்கள்.